சலவை அறையில் ஓர் ஊர்க்காரன்

மச்சான்,

இன்று காலை என் மேசையில் ஒரு ஜாம் போத்தல் வந்து உட்கார்ந்தது. உள்ளே பாதியளவு தண்ணீர், தண்ணீரின் மேல் கறுப்புப் புள்ளிகள். மிளகை இடித்துத் தூவிய மாதிரி இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் பார்த்தேன். ஒரு புள்ளிக்கு இன்னும் உயிர் இருந்தது, கால்களை அடித்துக்கொண்டு கிடந்தது. உடனே உன் நினைவு வந்தது. செத்துப்போன ஒருவனை நினைப்பதற்கு இது மரியாதையான வழியில்லை என்று தெரியும். ஆனால் பூவையும் ஊதுபத்தியையும் பார்த்து நினைக்கிற ஆளாக நீ இருக்கவில்லையே, நான் என்ன செய்வது?

போத்தலைக் கொண்டுவந்தவள் என் தங்கையின் மகள். இங்கேயே பிறந்தவள், சூரிச்சுக்குப் பக்கத்தில் அட்லிஸ்வில்லில் தாயோடு இருக்கிறாள், பல் வைத்தியர் ஒருவரிடம் வேலை செய்கிறாள். தன் அறையில் சோளப்பாம்பு ஒன்று வளர்க்கிறாள். தாய் வெள்ளி தவறாமல் முருகன் கோவிலுக்குப் போகிறவள். மகளின் அறைக் கதவு நிலையில் விபூதியால் மூன்று கோடு இழுத்துவிட்டு அந்தப் பக்கமே போவதில்லை. பாம்பு இரண்டு நாளாகத் தண்ணீர்ச் சட்டிக்குள்ளேயே சுருண்டு கிடக்கிறது, சட்டியில் இந்தப் புள்ளிகள், மாமாவுக்குத் தெரியும் என்று அம்மா சொன்னா, என்ன செய்யலாம் என்று கேட்டாள். உண்ணி என்றேன். இரத்தம் குடிக்கிற சின்ன உண்ணி. கடி தாங்காமல் பாம்பு தண்ணீருக்குள் போகிறது, போகும்போது கொஞ்சம் உண்ணி மூழ்கிச் சாகிறது, மீதி கண்ணைச் சுற்றிப் போய் ஒளிந்துகொள்கிறது. மிருக வைத்தியரிடம் மருந்து வாங்கு, பெட்டிக்குள் கிடக்கிற மரப்பட்டை, பாசி எல்லாவற்றையும் வெளியே எறி, வெள்ளைக் காகிதம் மட்டும் விரி என்றேன். பிறகு, அண்மையில் புதுப் பாம்பு ஏதும் வாங்கினாயோ என்று கேட்டேன். வாங்கியிருந்தாள். பழையதின் பெட்டியோடு ஒட்டி அதன் பெட்டியையும் வைத்திருந்தாள்.

ஏன் கொஞ்சநாள் வேறு அறையில் வைக்கவில்லை என்று கேட்டதற்கு, "பாவம் மாமா, தனிய இருக்குமெல்லோ" என்றாள்.

அவள் உன்னைக் கண்டதேயில்லை. நீ போய் இரண்டு மாரிக்குளிர் முடிந்துவிட்டது. அவள் ரயிலுக்குப் போன பிறகு போத்தலைக் கழுவாமல் அப்படியே வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

லாங்கன்தாலில் நாங்கள் அறை தேடி அலைந்தது உனக்கு நினைவிருக்கும். எண்பதுகளின் நடுப்பகுதி. அகதிகளை முதலில் வைத்திருக்கிற இல்லத்திலிருந்து வெளியே வந்து, ஒரே ஹோட்டல் குசினியில் இருவரும் கோப்பை கழுவிக்கொண்டிருந்தோம். அறை காலி என்று பேப்பரில் போட்டிருக்கும். தொலைபேசியில் என் ஜெர்மனைக் கேட்டு வாருங்கள் என்பார்கள். வாசலில் எங்கள் முகத்தைக் கண்டதும் அறை சற்றுமுன்தான் போய்விட்டிருக்கும். அறை கிடைக்காவிட்டால் திரும்பவும் அந்த இல்லத்தின் அடுக்குக் கட்டில்தான். அந்த நிலையில்தான் ஒரு கிழவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பாம்புக்குப் பயமா என்று கேட்டார். நான் ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நீ என் காலை மிதித்தாய்.

அவர் ரயில் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கலியாணம் கட்டாதவர். நெடிய மனிதர், இடுப்பு மூட்டு தேய்ந்து படி இறங்கக் கஷ்டப்பட்டார். மேல்மாடி அறை எங்களுக்கு. அதற்குக் கைமாறாக நிலவறையில் இருக்கிற அவருடைய பாம்புகளுக்கு இரை வைத்து, பெட்டிகளைத் துப்புரவாக்க வேண்டும். நீ அவருக்கு அன்றே நாகதம்பிரான் என்று ஊர்ப் பாம்புச் சாமியின் பெயரை வைத்துவிட்டாய். அவருக்குக் கடைசிவரை அது தெரியாது.

நான் நீண்ட நாள் அந்த நிலவறைக்கு இறங்கவில்லை. நீ முதல் நாளே இறங்கினாய். இறங்கும்போது "வாறன், வாறன், பொறுங்கோ" என்று கதைத்துக்கொண்டு போவாய். என்னை எந்த நேரமும் டேய் என்கிற நீ, பாம்புகளுக்கு மட்டும் மரியாதைப் பன்மை வைத்திருந்தாய். வெள்ளிக்கிழமை நீ மச்ச மாமிசம் தொடமாட்டாய். அதனால் பாம்புகளுக்கும் அன்று எலி கிடையாது. இரை வைக்கிற நாள் வெள்ளியில் வந்தால் சனிக்குத் தள்ளிப் போடுவாய். ஏன் என்று கிழவர் கேட்டபோது நான்தான் விளக்க வேண்டியிருந்தது. பாம்புகள் சைவம் இல்லையே என்றார். "அதுகள் இல்லை, கையாலை குடுக்கிற நான் சைவம் எண்டு சொல்லு" என்றாய். அவர் யோசித்துவிட்டு, ஒரு நாள் பிந்தினால் பாம்புக்கு ஒன்றும் ஆகாது என்று ஒத்துக்கொண்டார்.

ரோஸ்லிதான் அங்கே மூத்தவள். பெரிய போவாப் பாம்பு, குட்டியிலிருந்தே கிழவரோடு இருந்தவள். மாலையில் கையைப் பிடித்துக் கீழே இறக்கும்படி அவர் உன்னிடம் சொல்வார். ஒரு கதிரையில் உட்கார்ந்து அவளை மடியில் விட்டுக்கொண்டு வானொலி கேட்பார். அந்த வீட்டுக்கு வேறு யாரும் வந்து நாங்கள் கண்டதில்லை.

அவரிடம் நிறைய விதிகள் இருந்தன. மற்ற விதிகளில் சமரசம் உண்டு, ஒன்றில் மட்டும் இல்லை. புதிதாக எந்தப் பாம்பு வந்தாலும் நிலவறைக்குள் நேரே போகக்கூடாது. ஆறு கிழமை, நாற்பத்திரண்டு நாள், சலவை அறையில் தனியே இருக்க வேண்டும். அடியில் வெள்ளைக் காகிதம், ஒரு தண்ணீர்ச் சட்டி, ஒளிய ஒரு அட்டைப் பெட்டி, மேலே சூட்டுக்கு ஒரு விளக்கு. வேறொன்றும் இல்லை. மற்றவற்றுக்கெல்லாம் வேலை முடித்த பிறகே அதனிடம் போக வேண்டும். போய்வந்தால் கை கழுவ வேண்டும், மேற்சட்டையை மாற்ற வேண்டும். காகிதம் வெள்ளையாக இருந்தால்தான் உண்ணி இருந்தால் கண்ணில் படும். இதையெல்லாம் நான் உனக்குத் தமிழில் சொன்னேன். நீ முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டாய். எல்லையில் எங்களை வைத்திருந்த அறையை நீ நினைக்கிறாய் என்று எனக்கு விளங்கியது. அங்கே நெஞ்சை எக்ஸ்ரே எடுத்து, முடிவு வரும்வரை ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். எவ்வளவு நேரம் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அந்த மாரியில் கிழவருக்கு இடுப்புச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். ஆஸ்பத்திரி முடிந்து, மலைப் பக்கம் ஒரு சுகநிலையத்தில் நடை பழகிவிட்டுத்தான் வீடு வருவார். அவர் போவதற்கு முதல் நாள் சூக் நகரத்திலிருந்து ஒரு காரில் பெட்டி வந்தது. அங்கே வசதியான வீட்டுக்காரர் ஒருவர் ஆசைக்கு வாங்கிய பாம்பு, ஆசை தீர்ந்ததும் எங்கள் கிழவரின் தலையில் கட்டினார். கிழவர் பெட்டிக்குள் இருந்த தலையணை உறையை அவிழ்த்துக் காட்டி, இது உங்கள் நாட்டுப் பாம்பு, சிலோன் என்றார். நீ குனிந்து முதுகுப் புள்ளிகளைப் பார்த்தாய்.

"டேய், வெங்கிணாந்தியடா" என்றாய். எங்கள் ஊர் மலைப்பாம்பு, அதன் பெயரை அவ்வளவு ஆசையாகச் சொன்னாய். ஊரில் இருந்து யாரும் வந்தால் கூட நீ அப்படிக் கதைத்ததில்லை.

கிழவர் அதைச் சலவை அறையில் வைத்தார். தான் வரும்வரை அங்கிருந்து அசைக்கக் கூடாது என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு தரமும் நான் மொழிபெயர்த்தேன்.

சலவை அறை உனக்குத் தெரியும். சீமெந்துத் தரை, துணி காயப்போடுகிற கயிறுகள், எப்போதும் ஒரு சவர்க்கார வாசம். பெட்டிக்குள் விளக்குச் சூடு இருந்தது, பாம்புக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் நீ ஒவ்வொரு நாளும் பார்த்துவிட்டு வந்து சாப்பிடாமல் இருந்தாய். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நான் வேலையால் வந்தபோது சலவை அறைப் பெட்டி வெறுமையாகக் கிடந்தது. படியில் நின்று எட்டிப் பார்த்தேன். நிலவறையில், ரோஸ்லிக்குப் பக்கத்தில் காலியாக இருந்த பெட்டியில், மரக்கிளையும் பாசியும் போட்டு அவனைக் குடியேற்றியிருந்தாய்.

அவர் சொன்னது என்ன, நீ செய்தது என்ன என்று கேட்டேன்.

"ஊரிலை இருந்து வந்தவனை வெளி அறையிலை போட்டிட்டு நான் மேலை போய்ப் படுக்கிறதோ?" என்றாய். பிறகு, "உனக்குப் பயம். நீ பேசாமல் இரு" என்றாய். நான் மேலே போய்விட்டேன். பயம் என்பது உண்மைதான்.

கொஞ்ச நாள் எல்லாம் நல்லபடியாகவே போனது. பிறகு ரோஸ்லி தண்ணீருக்குள் இறங்கினாள். அவளுக்குப் பெரிய பிளாஸ்டிக் தொட்டி, அதில் முழுவதும் சுருண்டு மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு கிடந்தாள். உனக்கு அது சந்தோஷமாக இருந்தது. ரோஸ்லி குளிக்கிறா என்று மேலே வந்து சொன்னாய். நாளைக்கும் குளித்தாள், அதற்கு அடுத்த நாளும் குளித்தாள். எலியைத் தொடவில்லை. இரை வேண்டாம் என்கிறா, வயது போய்விட்டது என்று நீயே காரணமும் சொல்லிக்கொண்டாய். தொட்டியில் கறுப்பாக எதுவோ மிதந்ததைப் பாசித்தூள் என்று நினைத்து ஊற்றிவிட்டாய்.

ஒரு நாள் குசினியில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று கோப்பை கழுவிக்கொண்டிருந்தோம். உன் மணிக்கட்டில் ஒரு புள்ளி ஓடியது. நீ அதைத் தட்டினாய், இன்னொன்று ஓடியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். கிழவர் அந்த விதியைச் சொன்னபோது பயன்படுத்திய ஜெர்மன் சொல் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மில்பன், உண்ணிகள்.

அன்று நான் முதன்முதலாக நிலவறைக்கு இறங்கினேன். நீ ரோஸ்லியை விளக்கடியில் தூக்கிப் பிடித்தாய். அவளுடைய செதில்களின் மேல் சாம்பல் தூவியது போல வெள்ளைத் தூசி. கண்ணைச் சுற்றி, தாடையின் கீழ் மடிப்பில், கறுப்பு மணிகள் கோத்த மாதிரி உண்ணி. மற்றப் பெட்டிகளிலும் பார்த்தோம். ஒன்றைக்கூட அது விட்டுவைக்கவில்லை. ஊர்க்காரனில்தான் எல்லாவற்றிலும் அதிகம். சூக்கிலிருந்து அவன் கொண்டுவந்த சீதனம் அது.

கிழவருக்குப் போன் எடுப்போம் என்றேன். நீ மாட்டேன் என்றாய். சொன்னால் எங்களை வெளியே போகச் சொல்வார், எங்கள் அகதி வழக்கு நடக்கிறது, பதிந்த விலாசம் இது, நடு மாரியில் எங்கே போவது என்று அடுக்கினாய். எல்லாம் நியாயம்தான். ஊரில் கோழிக் கூட்டுக்கு வேப்பம் புகை போடுவார்களே, ஏதாவது புகை போட்டுப் பார்ப்போம் என்றாய். அடைத்த நிலவறையில் புகை போட்டால் உண்ணிக்கு முதல் பாம்பு சாகும் என்றேன். கடைசியில் நீ ரோஸ்லியின் முகத்தைப் பார்த்தாய். தலையைத் தூக்கக்கூட அவளால் முடியவில்லை. "எடு" என்றாய்.

அவருடைய வரவேற்பறையில் இருந்த தொலைபேசியில் நான் கதைத்தேன். நீ பக்கத்தில் நின்று, நான்தான் மாற்றினேன் என்பதை முதலில் சொல்லு, முதலில் சொல்லு என்று என் கையை இடித்துக்கொண்டிருந்தாய். சொன்னேன். எத்தனை பெட்டியில் உண்ணி என்று மட்டும் கேட்டார். பிறகு, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், எழுதிக்கொள் என்றார். ஏச்சு விழும் என்று காத்திருந்த எங்களுக்கு அது ஏச்சைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஊர்க்காரனை உடனே சலவை அறைக்குத் திருப்பினோம். நிலவறையில் இருந்த மரக்கிளை, பட்டை, பாசி எல்லாவற்றையும் பின்வளவில் போட்டு எரித்தோம். மரப்பெட்டிகளைக் கொதிநீரால் தேய்த்து, இடுக்குகளில் கொதிநீர் ஊற்றி, காய்ந்த பிறகு புட்டிப் பசை பூசி அடைத்தோம். உண்ணி முட்டையிடுவது இடுக்கில்தான். ஒவ்வொரு பாம்பையும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் தலை மட்டும் வெளியே இருக்கும்படி ஊறவைக்க வேண்டும். தலைக்கு ஏறுகிற உண்ணியை எண்ணெய் நனைத்த பஞ்சால் எடுக்க வேண்டும். வீட்டில் இருந்தது சூரிச்சிலிருந்து யாரோ கொண்டுவந்து தந்த நல்லெண்ணெய்ப் போத்தல் ஒன்று. நீ சனி முழுக்குக்கென்று ஒருவரையும் தொடவிடாமல் ஒளித்து வைத்திருந்தது. அது முழுவதும் பாம்புகளுக்குப் போனது.

நீ உடம்பைப் பிடித்தால் தலையை நான் பிடிக்க வேண்டும். வேறு ஆளில்லை. முதல் பாம்புக்குக் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடினால் எங்கே பிடிக்கிறேன் என்று தெரியவில்லை, அதனால் திறந்தேன். அது குளிராக, காய்ந்த தோலாக இருந்தது. வழுவழுப்பாக இருக்கும் என்று சின்ன வயதிலிருந்து நான் பயந்தது வீண். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். வேலை அதிகம் இருந்தது, பயப்பட நேரம் கிடைக்கவில்லை.

பிறகு பட்டி. அந்தக் காலத்தில் ஈ கொல்ல வீடுகளில் தொங்கவிடுகிற மருந்துப் பட்டி. அதில் ஒரு துண்டை வெட்டி, துளையிட்ட தகரப் பேணியில் போட்டு, பாம்பு தொடமுடியாதபடி பெட்டிக்குள் வைக்க வேண்டும். வைப்பதற்கு முதல் தண்ணீர்ச் சட்டியை வெளியே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நஞ்சு தண்ணீரில் இறங்கும். சில மணி நேரத்தில் எடுத்துவிட்டு யன்னலைத் திறக்க வேண்டும். முட்டை அதற்குச் சாகாது. ஆகவே பொரித்து வரும்வரை காத்திருந்து இன்னொரு தரம் செய்ய வேண்டும். அந்த மணத்தில் எங்கள் இருவருக்கும் தலையிடி. இப்போது அந்த வைத்தியம் யாரும் செய்வதில்லை. செய்யாததும் நல்லதுதான்.

மற்றவை எல்லாம் தேறின. ரோஸ்லி தேறவில்லை. வயதானவள், இரத்தம் போனது போதாதென்று சாப்பாடும் இல்லை. கிழவர் வீடு வருகிற கிழமையில் செத்துப்போனாள். நிலம் உறைந்து கல்லாகக் கிடந்தது, புதைக்க முடியவில்லை. நீ உன் வெள்ளை வேட்டியில் அவளைச் சுற்றி, ஒரு மரப்பெட்டியில் வைத்து, பின்வளவுக் கொட்டிலில் வைத்தாய். இந்த நாட்டுக்கு நீ கொண்டுவந்த ஒரே வேட்டி அது. நீ அழவில்லை. 

கிழவர் ஊன்றுகோல்களோடு காரிலிருந்து இறங்கினார். வீட்டுக்குள் போகாமல் நேரே கொட்டிலுக்குப் போனார். வேட்டியை விலக்கி அவளைப் பார்த்தார், விரலால் தலையைத் தடவினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பாமலே, அந்தச் சிலோன் பாம்பு நாளைக்கே சூக்குக்குத் திரும்பிப் போகும் என்றார். எங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.  அறை தப்பிவிட்டது என்று நினைத்தேன். அவர் சொன்னதை உனக்குத் தமிழில் சொன்னேன், இனிப் பேசாமல் இரு என்றும் சேர்த்துச் சொன்னேன்.

நீ பேசாமல் இருக்கவில்லை.

"அவருக்குச் சொல்லு. வந்தவனிலை பிழையில்லை. உள்ளுக்கை விட்டவன் நான். அனுப்புறதெண்டால் என்னை அனுப்பட்டும்."

சொன்னேன். அவர் திரும்பினார். சலவை அறையில் ஆறே ஆறு கிழமை, அதைத்தானே கேட்டேன், அது இருந்திருந்தால் ரோஸ்லி இன்றைக்கு உயிரோடு இருப்பாள் என்றார்.  அதையும் உனக்குச் சொன்னேன்.

"ஓம். அது உண்மை. நான் இல்லை எண்டு சொல்லேல்லை" என்றாய். "ஆனால் ஆறு கிழமை எண்டு அதுக்குத் தெரியுமோ? கேள்."

இந்த நேரத்தில் இதைக் கேட்பதோ என்று நான் தயங்கினேன். பாம்பு செத்துக் கிடக்கிறது, மனிதர் ஊன்றுகோலில் நிற்கிறார், அறை போகப் போகிறது.

"நான் சொன்னதைச் சொல்லு. நீ வடிகட்டாதை" என்றாய்.

கேட்டேன். ஆறு கிழமை என்று அதற்குத் தெரியுமா என்று இவர் கேட்கிறார் என்றேன். கிழவர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. வேட்டியை மறுபடி ரோஸ்லியின் மேல் மூடினார். பிறகு ஊன்றுகோலைத் தட்டித் தட்டி வீட்டுக்குள் போய்விட்டார். நாங்கள் அன்றே உடுப்புகளைப் பையில் அடுக்கினோம்.

காலையில் சூக்கிலிருந்து கார் வரவில்லை. சலவை அறைக்குப் போனபோது ஊர்க்காரன் தன் அட்டைப் பெட்டிக்குள்ளே கிடந்தான். அவனுடைய பெட்டியின் முன்பக்கத்தில் கிழவர் சோக்குக்கட்டியால் பெரிதாக ஒரு திகதி எழுதியிருந்தார். அவன் வெளியே வருகிற நாள். எங்களைக் கண்டதும், அதற்கு வாசிக்கத் தெரியாது, உங்களுக்குத் தெரியும், நீங்களே சொல்லுங்கள் என்றார். அவ்வளவுதான். மன்னிப்பு என்று அவரும் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை.

நீ சொன்னாய். அதுதான் வேடிக்கை. ஒவ்வொரு மாலையும் எல்லா வேலையும் முடித்து, கடைசியாகச் சலவை அறைக்குப் போவாய். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, இன்னும் இத்தனை நாள்தான், கொஞ்சம் பொறுங்கோ என்று சொல்வாய். பிறகு கை கழுவி, சட்டை மாற்றி மேலே வருவாய். விதி ஒன்றைக்கூட மீறவில்லை. கிழவர் படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். நீ என்ன சொல்கிறாய் என்று ஒரு நாள் என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். திகதி வந்ததும் அவரே பூதக்கண்ணாடியால் காகிதத்தை ஒரு மூலை விடாமல் பார்த்தார். ஒரு புள்ளியும் இல்லை. ரோஸ்லியின் பெட்டி காலியாக இருந்தது, அதில் விடச் சொன்னார். நீ விட்டாய்.

உனக்கு அப்படி ஒரு திகதியை யாரும் எழுதவில்லை, மச்சான். உன் வழக்கு வருடக் கணக்கில் இழுபட்டது. என்னுடையது முதலில் முடிந்தது, உன்னுடையது ஏன் முடியவில்லை என்று யாருக்கும் தெரியவில்லை. கடிதம் வரும், போவாய், பொறுத்திருங்கள் என்பார்கள், ஓம் என்று தலையாட்டிவிட்டு வருவாய். உன் அம்மா செத்ததுக்கும் உன்னால் ஊருக்குப் போக முடியவில்லை. பாம்புக்காக அவ்வளவு துணிவாகக் கேட்டவன், எவ்வளவு நாள் என்று உனக்காக ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. எனக்கு உன்மேல் அதில் இன்னும் கோபம் இருக்கிறது. கடைசியில் வதிவிட அனுமதி வந்தது. வந்த காலத்தில் கிழவரும் இல்லை, அந்த வீடும் கைமாறிவிட்டது. நீ அந்த அனுமதி அட்டையைப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தாய், தேத்தண்ணி குடிப்போம் என்றாய்.

நான் கோப்பை கழுவுவதை விட்டு மொழிபெயர்ப்பாளன் ஆனது உனக்குத் தெரியும். என் முதல் வேலை ஒரு பாம்புக்காக அந்தக் கொட்டிலில் செய்தது என்று நீ எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாய். மொழிபெயர்க்கிற எங்களுக்குச் சொல்லித்தருகிற பாடம் ஒன்றுதான். ஒன்றையும் கூட்டாதே, ஒன்றையும் குறைக்காதே, உன் சொந்தக் கேள்வி எதையும் கேட்காதே. குறைக்காமல் இருக்க நீ பழக்கிவிட்டாய். சொந்தக் கேள்வி கேட்பதில் நான் இன்னும் தவறுகிறேன். ஒவ்வொரு முறையும் தெரிந்தே தவறுகிறேன்.

நீ போன பிறகு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண்ணை ஆஸ்பத்திரியில் தனி அறையில் விட்டிருந்தார்கள். நெஞ்சுப் படத்தில் ஏதோ சந்தேகம். என்னைக் கூப்பிட்டார்கள். தாதி வாசலில் நின்று, இந்த அறையை விட்டு வெளியே வரக்கூடாது, பொறுத்திருக்க வேண்டும் என்று சொல்லுங்கள் என்றாள். சொன்னேன். அந்தப் பெண் கட்டில் இருந்தும் அதில் உட்காராமல், சுவரோடு ஒட்டி நின்றுகொண்டே, ஓம் என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் கேட்கமாட்டார்கள்.

எவ்வளவு நேரம் என்று நான் தாதியிடம் கேட்டேன். அவ கேட்கவில்லையே என்றாள் தாதி. இல்லை, அவ கேட்கவில்லை, நான்தான் கேட்கிறேன் என்றேன். தாதிக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் போய் விசாரித்துவிட்டு வந்தாள். நாளைக்கு மத்தியானம் முடிவு தெரியும் என்றாள்.

"நாளைக்கு மத்தியானம் மட்டும்தானாம், பிள்ளை" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கோட்டைக் கழற்றி மடித்து வைத்தாள், சப்பாத்தைக் கழற்றினாள், கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாள். வந்து மூன்று மணி நேரமாகியும் அவள் அதுவரை கோட்டோடுதான் நின்றிருந்தாளாம், தாதி சொன்னாள்.